ரிசப்ஷன் ஐஸ்கிரீம் கவுண்டரில் கோளாறா? அறிகுறியைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிடிக்கலாம்

கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கவுண்டரை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தால், சித்தப்பா பையன், அத்தை பையன் என்று இரண்டு பேர் பெயரைச் சொல்லிவிட்டு எல்லோரும் மேடை, பூ, மேளம் என்று கிளம்பிவிடுவார்கள். என் தங்கை ரிசப்ஷனில் அந்தக் கவுண்டர் என் தலையில் விழுந்தது. மதுரைக்கு வெளியே ஒரு மண்டபம், வைகாசி மாதம், பொழுது சாய்ந்த பிறகும் தரை கொதித்துக்கொண்டிருந்தது. ஏழே முக்காலுக்கு முதல் டப்பாவைத் திறந்தேன். வெண்ணிலா, சேமியா பாயசம் போல ஓரத்தில் அலையடித்தது. முதல் பந்தி எழுந்திருக்க இன்னும் கால் மணி நேரம்தான்.

அன்று எப்படியோ சமாளித்தோம், அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கப்புறம் சொந்தத்தில், நட்பில் எந்தக் கல்யாணம் என்றாலும் இந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்தந்த நேரத்தில் கவுண்டரில் நிற்பவர் வாயிலிருந்து என்ன வார்த்தை வருமோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போய்ப் படியுங்கள்.

ஆனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஃப்ரீசரை எத்தனை மணிக்கு பிளக்கில் மாட்டினீர்கள்? ராத்திரி எட்டு மணிக்குக் கண்ணில் படும் கோளாறில் பெரும்பாலானவை முந்தின நாளே ஆரம்பித்தவை. இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமைச் சேமித்து வைக்க மைனஸ் 18 டிகிரி. அள்ளிப் பரிமாற மைனஸ் 12 முதல் மைனஸ் 14 வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாலைந்து டிகிரிதான் உங்கள் முழு வேலையும். ஃப்ரீசருக்குள் வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மூடியில் கைவைத்துப் பார்த்து "நல்லா ஜில்லுனுதான் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள், பூஜ்ஜியம் டிகிரியும் கைக்கு ஜில்லென்றுதான் இருக்கும்.

"கல்லு மாதிரி இருக்கு, ஸ்கூப் இறங்கவே மாட்டேங்குது"

இது நல்ல கோளாறு. டப்பா சேமிப்புக் குளிரிலேயே இருக்கிறது, பரிமாறும் குளிருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு ஃப்ரீசர் இருந்தால் ஒன்றை ஸ்டாக்குக்கு வைத்து, இன்னொன்றின் தெர்மோஸ்டாட்டில் குளிரைப் பரிமாறும் அளவுக்குக் குறைத்து, முதலில் திறக்கப்போகும் டப்பாக்களை அன்று காலையிலேயே அதற்கு மாற்றிவிடுங்கள். ஒரே ஃப்ரீசர்தான் என்றால், திறப்பதற்குப் பத்து பதினைந்து நிமிடம் முன்னால் மூடியோடு வெளியே எடுத்து ஏசி இருக்கும் இடத்தில் வையுங்கள். வைகாசி வெயிலில், ஏசி இல்லாத கூடத்தில், ஏழெட்டு நிமிடம் போதும். அவசரத்தில் டப்பாவைச் சுடுதண்ணீர் அண்டாவில் இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் உருகும், நடு அப்படியே பாறையாக நிற்கும், அந்த உருகின ஓரம் திரும்ப உறையும்போது ஐஸ் கட்டியாகத்தான் உறையும்.

அள்ளுகிற விதமும் முக்கியம். ஸ்கூப்பைக் குத்தக் கூடாது. மேல்பரப்பில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லிசாக இழுத்து வந்தால் அது தானாகச் சுருண்டு உருண்டையாகும். பிடியில் பட்டனை அழுத்தினால் உள்ளே தகடு நகரும் வகை ஸ்கூப், கல்லான ஐஸ்கிரீமில் பல் உடைந்துபோகும், ஆகவே ஒரே வார்ப்பாக இருக்கும் அலுமினிய ஸ்கூப் இரண்டாவது கையில் இருக்கட்டும். ஸ்கூப்பைத் தண்ணீரில் முக்கினால் உதறிவிட்டு அள்ளுங்கள், சொட்டுகிற தண்ணீர் டப்பாவுக்குள் விழுந்து ஐஸ் துணுக்காகிவிடும். அந்தத் தண்ணீரை அரை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான, பால் கலங்கின தண்ணீர் மூன்று மணி நேரம் அப்படியே நின்றால் அதில் கிருமி வளரும். ராத்திரி யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் எல்லோரும் சாம்பாரைத்தான் திட்டுவார்கள்.

இன்னொன்று. ஒரே ஃப்ரீசரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் எல்லா வகையும் ஒரே பதத்தில் இருக்காது. சர்க்கரை அதிகமாகச் சேர்ந்த வகைகள் அதே குளிரில் இளகலாக இருக்கும், தண்ணீர் அதிகமுள்ள பழ வகைகள் கெட்டியாக இருக்கும். எனவே கெட்டியானதை முதலில் வெளியே எடுங்கள்.

"கப்புல வைக்கிறதுக்குள்ள கரைஞ்சு ஓடுது"

மேலே அண்ணாந்து பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா? பத்துக்கு ஏழு இடத்தில் கவுண்டருக்கு நேர் மேலே ஃபேன் இருக்கும், அல்லது "பசங்களுக்கு வேர்க்குதுப்பா" என்று யாராவது பெரியம்மா பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைத்திருப்பார். மனிதருக்குக் குளுமையாக இருக்கும் அந்தக் காற்று ஐஸ்கிரீமுக்குச் சூடு. அறைக் காற்றை நிற்காமல் அதன்மேல் கொண்டுவந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். ஃபேனை நிற்பவர்கள் பக்கம் திருப்புங்கள், டப்பாவின் மேல் படக் கூடாது. வீடியோ எடுப்பவரின் லைட்டும் அப்படித்தான், இரண்டு நிமிட ஷாட்டுக்குப் பிறகு நகர்த்தச் சொல்லலாம், கோபிக்க மாட்டார்.

ஃபேன் இல்லையென்றால் அடுத்து மூடி. ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று டப்பாவுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். ஆறு வகையையும் கண்காட்சி மாதிரி திறந்து வைத்தால் ஆறும் சேர்ந்து கரையும். பெட்டி மாதிரி மேலே திறக்கும் ஃப்ரீசரில் உள்பக்கச் சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் டப்பாவை அடுக்கக் கூடாது. கோட்டுக்கு மேல் இருப்பதெல்லாம் வெளியே இருக்கும் மாதிரிதான்.

இவை எதுவுமே இல்லை, டப்பாவே தளதளவென்று இருக்கிறது என்றால், ஃப்ரீசர் எப்போது மாட்டப்பட்டது என்ற கேள்விக்குத் திரும்புங்கள். என் தங்கை கல்யாணத்தில் ஐஸ்கிரீம் கொடுத்தவர் ஃப்ரீசரை நாலரை மணிக்குத்தான் இறக்கினார், ஐந்து மணிக்கு டப்பாக்கள் வந்தன. வெயிலில் மினி வேனில் வந்த காலி ஃப்ரீசரின் சுவரே கொதித்துக்கொண்டிருந்தது. அது தன்னைக் குளிர்வித்துக்கொள்வதற்கே இரவாகிவிடும். உள்ளே வைத்த டப்பாக்கள்தான் அன்று ஃப்ரீசருக்குக் குளிர் கொடுத்தன. முந்தின நாள் ராத்திரியே வந்து இறங்கி, படுக்கவைத்து ஏற்றிவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி நிற்கவைத்து, அப்புறம் மாட்டி, காலையில் தெர்மாமீட்டர் மைனஸ் 18 காட்டிய பிறகே சரக்கு உள்ளே போக வேண்டும். பேசி முடிக்கும்போதே இதை எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

"ஐஸ் மேலயே தான் வச்சிருக்கோம், அப்பவும் கரையுது"

அன்று நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான். பதறிப்போய் ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸ் பார் வாங்கிவந்து, உடைத்து, அண்டாவில் கொட்டி, அதன்மேல் டப்பாவை வைத்தோம். ஐந்து நிமிடத்தில் இன்னும் வேகமாக இளகியது. ஏனென்று அப்போது புரியவில்லை. உருகிக்கொண்டிருக்கும் வெறும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரி, ஐஸ்கிரீம் இருக்க வேண்டியதோ மைனஸ் 13. ஐஸ்கிரீமின் கணக்கில் வெறும் ஐஸ் என்பது அடுப்பு.

காப்பாற்றியவர் எங்கள் சமையல் மாஸ்டர். ஐம்பது வருடமாகக் கல்யாணம் சமைப்பவர். எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உப்பு போடலையா?" என்று கேட்டார். நான் விழிக்க, அவரே உள்ளே போய், சாம்பாருக்கு வைத்திருந்த கல் உப்புச் சாக்கை இழுத்துவந்து, ஒரு படி அளந்து ஐஸ்மேல் தூவி, கரண்டிக் காம்பால் கிளறிவிட்டார். இரண்டு நிமிடத்தில் அண்டாவின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது, நான் விரலை வைத்தபோது விரல் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் மரவாளிக்குள் கைப்பிடியைச் சுற்றி ஐஸ்கிரீம் செய்ததே இந்த உப்பையும் ஐஸையும் வைத்துத்தான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அளவு: எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு. உப்பு கலந்த ஐஸ் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக் கூடியது, கல்யாண அண்டாவில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் நமக்குத் தேவையானது கிடைத்துவிடும். ஐஸைப் புளியங்கொட்டை அளவுக்கு உடையுங்கள், பெரிய கட்டிக்கும் டப்பாவுக்கும் நடுவில் காற்று நின்றுவிடும். டப்பாவை மேலே வைக்காமல் கழுத்துவரை புதையுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போகாதபடி மூடியைச் சுற்றி ஒரு பாலித்தீன் தாள் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுங்கள், ஒரு சொட்டு போனாலும் அந்த டப்பா வீண். அடியில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு முக்கால் மணிக்கு ஒரு தடவை ஐஸும் உப்பும் சேருங்கள். அண்டாவைவிடத் தெர்மகோல் பெட்டி நல்லது. ஃப்ரீசர் சரியாக இருந்தாலும் ஒரு பெட்டியும் அரை பார் ஐஸும் பக்கத்தில் இருக்கட்டும், கல் உப்பு சமையல்கட்டில் எப்படியும் இருக்கும்.

"கரண்டு போச்சு"

முதல் காரியம், ஃப்ரீசர் மூடியில் கைவைத்து யாரையும் திறக்கவிடாதீர்கள். நிறைய டப்பா உள்ள ஃப்ரீசர், திறக்காமல் இருந்தால் ஒரு மணி நேரக் கரண்ட் கட்டைத் தாங்கும். திறந்து திறந்து பார்த்தால் தாங்காது.

மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது என்பது பாதி பதில்தான். பல மண்டபங்களில் ஜெனரேட்டர் லைன் மேடைக்கும் விளக்குகளுக்கும் மட்டும் போகும், சாப்பாட்டுக் கூடத்து பவர் பிளக்குகள் அதில் இருக்காது. முந்தின நாளே மண்டபத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "அண்ணே, மெயினை இறக்கிட்டு ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டுங்க, இந்த பிளக்குல கரண்ட் வருதான்னு பாக்கணும்" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. ஃப்ரீசருக்குத் தனி பவர் பிளக் வேண்டும். சீரியல் செட்டும் பாட்டுப் பெட்டியும் மாட்டின ஜங்ஷன் பாக்ஸில் அதையும் சேர்த்து மாட்டினால் வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுபோகும், வெளியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கரண்ட் திரும்பி வந்ததும் உடனே ஓட விடாமல் மூன்று, நான்கு நிமிடம் கழித்துப் போடுங்கள். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும்.

"ஐஸ் நறநறன்னு கடிபடுது"

ஒருமுறை உருகித் திரும்ப உறைந்த சரக்கு. நல்ல ஐஸ்கிரீமில் ஐஸ் துகள் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். உருகிவிட்டால் அந்தத் தண்ணீர் பெரிய படிகமாகத்தான் மறுபடி உறையும், உள்ளே அடைபட்டிருந்த காற்றும் போய்விடும். டப்பாவைத் திறந்ததும் கண்டுபிடிக்கலாம்: மூடியிலிருந்து இரண்டு விரல் இறங்கி உட்கார்ந்திருக்கும், மேலே பனிப்பொடி படர்ந்திருக்கும், அடியில் பிசின் மாதிரி இனிப்பு கட்டியிருக்கும். இதற்குக் கவுண்டரில் மருந்து கிடையாது. டப்பாக்கள் வந்து இறங்கும்போதே வகைக்கு ஒன்றைத் திறந்து பார்த்து, இப்படி இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ருசி மட்டும் இல்லை விஷயம், எத்தனை மணி நேரம் உருகிக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, சாப்பிடப்போவது குழந்தைகள்.

"கூட்டம் மொத்தமா வந்து விழுது, வரிசை நகரல"

இதுதான் நம்மூர்க் கல்யாணத்துக்கே உரிய கோளாறு. பஃபே என்றால் ஆட்கள் சிறுகச் சிறுக வருவார்கள். பந்தி என்றால் 150 பேர் ஒரே நேரத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்திருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் அத்தனை பேரும் உங்கள் முன்னால். அப்புறம் முக்கால் மணி நேரம் ஈ ஓட்டுவீர்கள். அடுத்த பந்தி, மறுபடி அலை.

கணக்குப் பார்ப்போம். பழகின கை ஒரு ஸ்கூப் அள்ளிக் கப்பில் வைத்து நீட்ட 15 முதல் 20 விநாடி ஆகும். நிமிடத்துக்கு மூன்று நான்கு பேர். 150 பேருக்கு ஒருவர் மட்டும் நின்றால் முக்கால் மணி நேரம். கடைசியில் நிற்கும் தாத்தா அதுவரை நிற்க மாட்டார், போய்விடுவார்.

தீர்வு, பந்தியைக் கண்காணிப்பது. ரசம் முடிந்து மோர் வாளி இலைக்கு இலை நகர ஆரம்பிக்கிறதா, அதுதான் உங்களுக்கு மணி. அந்த நிமிடத்திலிருந்து மூன்று பேர் சேர்ந்து கப்புகளில் அள்ளி, தட்டில் அடுக்கி, ஃப்ரீசருக்குள் வைக்க ஆரம்பியுங்கள். பந்தி எழுவதற்குள் ஐம்பது அறுபது கப் தயாராக இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். பரிமாறும் பையன்களில் ஒருவனிடம், "மோர் எடுத்ததும் ஒரு சத்தம் குடுடா" என்று சொல்லிவைத்தால் போதும். இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகு வரிசை என்ற பிரச்சினையே எனக்கு வந்ததில்லை.

வகைகளைக் குறையுங்கள். மூன்று போதும், நான்கு தாராளம். எட்டு வகை வைத்தால் ஒவ்வொருவரும் கவுண்டர் முன்னால் நின்று யோசிப்பார்கள், அந்த யோசனை நேரம்தான் வரிசை. வெண்ணிலா கட்டாயம், பட்டர்ஸ்காட்ச் கட்டாயம், மூன்றாவது உங்கள் ஊர் ருசியாக இருக்கட்டும். எங்கள் பக்கம் ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாசுந்தி ஐஸ்கிரீம் வைத்தால் வயதானவர்கள்கூட இரண்டாவது தடவை வருவார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட். சூடான கேரட் அல்வா ஒரு கரண்டி, அதன்மேல் வெண்ணிலா என்பது நான் பார்த்தவரை எந்தக் கூட்டத்திலும் தோற்றதில்லை, ஆனால் அல்வா வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது.

இடம்: கை கழுவும் இடத்தைத் தாண்டித்தான் கவுண்டர் இருக்க வேண்டும். இலைக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்தால், எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் கழுவிவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள். பீடா, பழம் இரண்டையும் பத்தடி தள்ளி வையுங்கள், கூட்டம் பிரியும். குப்பைக் கூடையைக் கவுண்டரை ஒட்டி வைக்காமல் வாசல் போகும் வழியில் வையுங்கள், கப் காலியாகும் இடம் அதுதான்.

"எட்டரைக்கே தீந்துபோச்சு"

4 லிட்டர் டப்பாவை 60 மில்லி ஸ்கூப்பால் வகுத்தால் 66 வரும் என்று கடைக்காரர் சொல்வார். வராது. ஐஸ்கிரீமில் கணிசமான பங்கு காற்று, அள்ளும்போது ஸ்கூப் அதை அமுக்கிவிடும், ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிப்போகும். நான் ஒரு டப்பாவுக்கு 50 என்றுதான் கணக்குப் போடுகிறேன். 500 பேர் சாப்பிடும் கல்யாணத்தில் 400 பேர் எடுப்பார்கள் என்று வைத்தால் எட்டு டப்பா, குழந்தைகள் இரண்டாவது மூன்றாவது தடவை வருவதற்கு இரண்டு. மொத்தம் பத்து. சித்திரை, வைகாசி, ஆனி என்றால் இன்னும் ஒன்று கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொண்டை பயத்தில் பாதிப் பேர் ஒதுங்குவார்கள், ஏழு போதும்.

பாதியில் தீரப்போவது தெரிந்தால் ஸ்கூப்பைச் சின்னதாக்குங்கள், ஃப்ரூட் சாலட் இருந்தால் அதன்மேல் அரை ஸ்கூப் வைத்துக் கொடுங்கள். யாருக்கும் குறையாகத் தெரியாது. "தீர்ந்துபோச்சு" என்ற வார்த்தை மட்டும் சம்பந்தி வீட்டார் காதில் விழக் கூடாது.

"சாப்ட்ட பிறகு மேலண்ணத்துல எண்ணெய் ஒட்டின மாதிரி இருக்கு"

டப்பாவின் லேபிளைப் படியுங்கள். "ப்ரோசன் டெஸர்ட்" என்று இருந்தால் அது பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஐஸ்கிரீம் என்று சாதாரணமாகப் போட்டு விற்க வேண்டுமென்றால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஒரு லிட்டர் 525 கிராமுக்குக் குறையாமல் எடை இருக்க வேண்டும். ப்ரோசன் டெஸர்ட் விற்பது குற்றம் இல்லை. ஆனால் ஐஸ்கிரீம் என்று சொல்லி விலை பேசிவிட்டு அதைக் கொண்டுவந்து இறக்கினால் கேட்க வேண்டும். விலை பேசும்போதே எந்தப் பெயர், எந்த வகை, லேபிளில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடையில் சந்தேகம் வந்தால் டப்பாவைத் தராசில் வையுங்கள். 4 லிட்டர் ஐஸ்கிரீம், டப்பா எடை போக, 2 கிலோ 100 கிராமுக்குக் குறையக் கூடாது.

"கோன் நமத்துப்போச்சு"

பாக்கெட்டை ஏழு மணிக்கே பிரித்து அழகாக அடுக்கியிருப்பீர்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்துக் காற்றில் அரை மணி நேரம் கூடத் தாங்காது. ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட், மீதி காற்றுப் புகாத டின்னில். கூட்டத்துக்குக் கப்தான் சரி, கோன் குழந்தைகளுக்கு மட்டும். கரண்டி மரத்தில் வாங்குங்கள்: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கப், தட்டு வகைகளைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே நிறுத்தியாயிற்று, பிளாஸ்டிக் கரண்டியும் ஐஸ்கிரீம் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை.

"இதுல முட்டை இருக்கா? நட்ஸ் இருக்கா?"

கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது மேலே போடும் ஜெல்லியை. ஜெலட்டினில் செய்தது என்றால் அது சைவம் இல்லை, கடற்பாசியில் செய்த ஜெல்லி வாங்கினால் யாருக்கும் சங்கடம் இல்லை. பட்டர்ஸ்காட்ச்சில் பெரும்பாலும் முந்திரித் துணுக்கு இருக்கும். பருப்பு ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அந்த ஸ்கூப்பால் வெண்ணிலா அள்ளினால் கூட ஆபத்து, அதனால் வகைக்கு ஒரு ஸ்கூப். வகைப் பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அடியில் "முந்திரி உண்டு" என்று ஒரு வரி போடுங்கள்.

"புகை வரணும்னு பொண்ணு வீட்ல கேக்குறாங்க"

முடியாது என்று சொல்லிவிடுங்கள். உலர் பனி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு) மைனஸ் 78 டிகிரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196. துண்டு உலர் பனி தெரியாமல் கப்போடு போய்க் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். திரவ நைட்ரஜன் கலந்த தின்பண்டங்களை அப்படியே கொடுப்பது பற்றி 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்திருக்கிறது. போட்டோவுக்கு மேடையில் புகை மெஷின் இருக்கிறது, அது போதும்.

டப்பாவைக் குளிராக வைக்க உலர் பனி பயன்படுத்துவது வேறு விஷயம். கனத்த கையுறை, செய்தித்தாளில் சுற்றி டப்பாக்களின் மேல்பக்கம் வைப்பது, பெட்டியை இறுக்கி அடைக்காமல் விடுவது, காற்றோட்டமான இடம், ஏற்றிவரும் வண்டியின் கண்ணாடி இறங்கியிருப்பது. இத்தனையும் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் கூடவே இருக்க முடியுமென்றால் மட்டும். கார்பன் டை ஆக்ஸைடு தரையோடு தேங்கும், மூடிய ஸ்டோர் ரூமில் மூச்சு முட்டும். எனக்கு ஐஸும் கல் உப்புமே போதுமானதாக இருக்கிறது.

"நிறைய மீந்துபோச்சு"

பிரிக்காத டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முன்னாலேயே பேசியிருந்தால் கவலை இல்லை. கல்லாக இருக்கும் டப்பாவை ஐஸும் உப்பும் போட்ட பெட்டியில் வைத்து அரை மணி தூரத்துக்குள் இருக்கும் இல்லத்துக்கோ விடுதிக்கோ கொடுக்கலாம், போன் செய்து அவர்களிடம் ஃப்ரீசர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. இளகியதை வீட்டு ஃப்ரிட்ஜில் உறையவைத்து மறுநாள் கட்டுச்சாத விருந்தில் போடாதீர்கள்.

"மாப்பிள்ளை பொண்ணுக்கு ஒரு ஸ்கூப் கூட இல்லையா?"

இது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பது. அவர்கள் மேடையை விட்டு இறங்கும்போது பத்தரை மணி, கவுண்டரைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஏழு மணிக்கே ஒரு டப்பாவில் பேனாவால் "பொண்ணு மாப்பிள்ளை" என்று எழுதி ஃப்ரீசரின் அடியில் வைத்து, அதன்மேல் வேறு டப்பாக்களை அடுக்கிவிடுங்கள். 4 லிட்டரை இரண்டு பேர் சாப்பிடப்போவதில்லை. சமையல்கட்டில் அன்று நாள் முழுக்க நெருப்பு முன்னால் நின்றவர்கள், மேளக்காரர்கள், வீடியோக்காரர்கள், பாத்திரம் கழுவும் அக்காக்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த டப்பா. தங்கை கல்யாணத்தன்று கடைசி டப்பாவை நான் முதலில் எடுத்துக்கொண்டு போனது சமையல் மாஸ்டரிடம். அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டார். "இப்பத்தான் தம்பி பதம் சரியா இருக்கு" என்றார்.